பி.டி. கத்தரிக்காய்ப் பொதுக் கலந்தாய்வு, 2010: நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது?

2009 அக்டோபர் 14 அன்று இந்தியாவின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு, புழுவை எதிர்க்கும்படி மரபணு மாற்றிய பி.டி. கத்தரியை வணிக அளவில் பயிரிட விடலாம் என்றது. ஏழு ஊர்களில் பொதுக் கலந்தாய்வு நடத்தியபின், 2010 பிப்ரவரி 9 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சர் அதை நிறுத்திவைத்தார். இடைப்பட்ட நான்கு மாதத்தில் முடிவைப் புரட்டிப்போடும் புதிய ஆய்வகத் தரவு எதுவும் வந்துவிடவில்லை. அதே கோப்பு, அதே சோதனைகள்தாம் இருந்தன. வாதம் நடந்த இடம் மாறியது, கேள்வி மாறியது, யார் எதை நிரூபிக்க வேண்டும் என்பதும் மாறியது.

பி.டி. கத்தரி நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வது இங்கே நோக்கமன்று. ஒரு கொள்கை முடிவு வாதங்களால் எப்படி உருவானது, எந்த இடத்தில் வாதம் பிசகியது என்பதே பார்க்கப்படுகிறது. பொது விசாரணை நடத்துவோரும் அதன் அறிக்கையை எழுதுவோரும் அதில் பேசப் போவோரும் எடுத்துக்கொள்ள இதில் நிறைய இருக்கிறது. சம்பந்தப்பட்டவர்கள் பதவியாலும் பாத்திரத்தாலும் மட்டுமே குறிக்கப்படுகிறார்கள்.

பின்னணி

கத்தரிக்குப் பெரிய பகை தண்டு, காய்த் துளைப்பான். இலையில் இட்ட முட்டை பொரிந்ததும் புழு சில மணி நேரத்துக்குள் குருத்திலோ காயிலோ துளைத்து உள்ளே போய்விடும். போனபின் மேலே அடிக்கும் மருந்து அதை எட்டாது. புழு வெளியில் இருக்கும் அந்தக் குறுகிய நேரத்தில் பிடித்தாக வேண்டும் என்பதால்தான் உழவர்கள் திரும்பத் திரும்ப மருந்தடிக்கிறார்கள். இது ஒரு மெய்யான சிக்கல் என்பதை விவாதத்தின் எந்தத் தரப்பும் மறுக்கவில்லை.

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாகப் பி.டி.) என்ற மண் பாக்டீரியாவின் கிரை1ஏசி மரபணுவைக் கத்தரிக்குள் செலுத்தி, செடியே புழுவுக்கு நஞ்சாகும் புரதத்தை உண்டாக்கும்படி செய்தது மஹிகோ நிறுவனம். அதில் அமெரிக்க விதை நிறுவனமான மான்சாண்டோவுக்கு 26 விழுக்காடு பங்கு இருந்தது. இதே தொழில்நுட்பம் கோவைத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் தார்வாட் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்துக்கும் தரப்பட்டது. கோவையில் கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 ஆகிய ரகங்களில் அந்த மரபணு ஏற்றப்பட்டது. பின்னால் எழுந்த விதை உரிமை வாதத்துக்கு இந்தத் தகவல் முக்கியம்: நிறுவனம் விற்கவிருந்தவை ஆண்டுதோறும் வாங்க வேண்டிய வீரிய ஒட்டு விதைகள், பல்கலைக்கழகங்கள் உருவாக்கியவை உழவர் எடுத்துவைத்து மறுபடி விதைக்கக்கூடிய ரகங்கள்.

1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-இல் வந்த விதிகளின்படி, இத்தகைய பயிரை வெளியிட ஒப்புதல் தரும் அதிகாரம் அப்போது மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழுவுக்கு இருந்தது. 2006-இல் முதல் வல்லுநர் குழு கோப்பைப் பார்த்து மேலும் சோதனைகள் கேட்டது. 2007 முதல் வாரணாசியிலுள்ள இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தின் மேற்பார்வையில் பெரிய அளவிலான வயல் சோதனைகள் நடந்தன. தகவல் உரிமைக் கோரிக்கையும் நீதிமன்ற வழக்குமாக நடந்த இழுபறிக்குப் பின் 2008-இல்தான் உயிரிப்பாதுகாப்புத் தரவு பொதுவெளிக்கு வந்தது. 2009 அக்டோபரில் இரண்டாம் வல்லுநர் குழு அறிக்கை தந்தது. அடுத்த சில நாளில், அக்டோபர் 14 அன்று, ஒப்புதல் குழு இசைவளித்தது. உச்ச நீதிமன்றம் நியமித்திருந்த பார்வையாளர் உள்ளிட்ட சிலர் உடன்படவில்லை.

மறுநாளே அமைச்சர், எழுத்து மூலமான கருத்துகளை டிசம்பர் 31 வரை பெறுவதாகவும், அதன்பின் நேரடிக் கலந்தாய்வு நடத்தி முடிவெடுப்பதாகவும் அறிவித்தார். வல்லுநர் குழு அறிக்கை வலைத்தளத்தில் ஏற்றப்பட்டது.

கலந்தாய்வின் அமைப்பு

ஏற்பாட்டை அகமதாபாதின் சுற்றுச்சூழல் கல்வி மையம் செய்தது. ஜனவரி 13 கொல்கத்தா, 16 புவனேஸ்வர், 19 அகமதாபாத், 27 நாக்பூர், 29 சண்டிகர், 31 ஹைதராபாத், பிப்ரவரி 6 பெங்களூரு. ஏழு கூட்டங்களிலுமாக ஏறத்தாழ 8,000 பேர் கலந்துகொண்டார்கள். மேற்கு வங்கமும் ஒடிசாவும் கத்தரி அதிகம் விளையும் மாநிலங்கள். குஜராத்தும் நாக்பூர் அமைந்த விதர்பாவும் பி.டி. பருத்தியின் களங்கள், ஹைதராபாதும் பெங்களூருவும் விதை, உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்தவை. ஊர்த் தெரிவு காரணமில்லாமல் நடக்கவில்லை. தமிழ்நாட்டுக்குள் கூட்டம் இல்லை, பெங்களூருதான் பக்கம்.

அரங்கில் உழவர், அறிவியலாளர், மருத்துவர், விதை வணிகர், நுகர்வோர் அமைப்பினர், தொண்டு நிறுவனத்தினர், மாணவர் என்று எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். முழக்கமும் பதாகையும் இருந்தன. அமைச்சர் நேரில் அமர்ந்து கேட்டார், இடைமறித்துக் கேள்வி கேட்டார், சில வேளை பேச்சாளர்களோடு நேருக்கு நேர் மோதவும் செய்தார்.

அமைப்பில் ஒரு குறை தொடக்கத்திலேயே இருந்தது. ‘பி.டி. கத்தரியை வெளியிடலாமா?’ என்ற ஒற்றைக் கேள்விதான் அரங்கின் முன் வைக்கப்பட்டது. அதற்குள் குறைந்தது ஐந்து கேள்விகள் மடிந்து கிடந்தன: உண்பதற்குப் பாதுகாப்பானதா? சூழலுக்கு என்ன ஆகும்? தேவைதானா? விதை யார் கையில் போகும்? இதையெல்லாம் முடிவு செய்ய உரியவர் யார்? ஒப்புதல் குழுவின் ஆணை முதல் இரண்டோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அரங்குக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் பேச வந்தது பின் மூன்றைப் பற்றி.

வாதங்களைப் பிரித்தெடுத்த முறை

இத்தகைய கூட்டத்தின் பதிவைப் பகுக்கும்போது பேச்சாளரை ஓர் அலகாக வைத்தால் எதுவும் கிடைக்காது. ஒருவரே மூன்று நிமிடத்தில் நான்கு வாதம் சொல்லிவிடுவார். ஒவ்வொரு வாதத்தையும் தனி அட்டையில் எழுத வேண்டும். அட்டையில் ஐந்து இடங்கள் போதும்: என்ன சொல்கிறார், அதற்குத் தரும் காரணம், காரணத்திலிருந்து முடிவுக்குப் போக உதவும், பெரும்பாலும் வாயால் சொல்லப்படாத, பொது விதி, இந்த வாதம் மேற்சொன்ன ஐந்தில் எந்தக் கேள்விக்கு விடை, எதிர்த்தரப்பு இதற்குப் பதில் சொன்னதா இல்லையா. மூன்றாவது இடத்தை நிரப்புவதுதான் கடினம். சோம்பலில் அதைக் காலியாக விட்டால் அந்த அட்டையால் பயனில்லை.

மணிமேகலையின் 29-ஆம் காதை தரும் சட்டகம் இங்கே நேராகப் பொருந்துகிறது. இம்மலை நெருப்புடைத்து என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகையுடைத்து ஆதலால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களை போல் என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. வெளியீட்டை ஆதரித்தவர்களின் மைய வாதம் இதே வடிவில் அமைந்தது. பக்கம்: பி.டி. கத்தரி வெளியிடத் தக்கது. ஏது: மருந்தடிப்பைக் குறைக்கும் ஆதலால். திட்டாந்தம்: பி.டி. பருத்தி போல். பக்கம், ஏது, திட்டாந்தம் மூன்றிலும் போலிகள் நேரும் என்று அக்காதை விரித்துச் சொல்கிறது. கலந்தாய்வில் பெரும் சண்டை நடந்தது திட்டாந்தத்தில்.

என்ன கவனிக்கப்பட்டது

பி.டி. பருத்தி இந்தியாவில் 2002-இல் அனுமதிக்கப்பட்டு, 2010-க்குள் பருத்தி நிலத்தின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டிருந்தது. உழவர் விரும்பி ஏற்ற ஒன்று என்பது ஆதரவாளர் வலு. எதிர்த்தவர்கள் சொன்னது எளிது: பருத்தியை யாரும் சமைத்து உண்பதில்லை. இதற்கு மறுமொழியாக, பருத்திவிதை எண்ணெயை மக்கள் உண்டு வருகிறார்களே என்றார்கள். இந்த மறுமொழி அரங்கில் நல்ல கைத்தட்டல் வாங்கக்கூடியது, ஆனால் நொண்டி. கிரை1ஏசி ஒரு புரதம். சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருப்பதே இல்லை. ஆகவே எண்ணெயை உண்டதிலிருந்து புரதத்தை உண்பது பற்றி எதுவும் பெற முடியாது. மாடு தின்னும் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு. அதை எடுத்தாண்டவர்கள் பெரும்பாலும் எதிர்த்தரப்பினர். கால்நடை இறந்தது பற்றிய செவிவழிச் செய்திகளோடு கலந்து சொன்னதால் அதன் வலுவும் குறைந்தது. மருந்தடிப்புக் குறைவு என்ற அளவில் பருத்தி நல்ல எடுத்துக்காட்டு; உண்ணும் பாதுகாப்பு என்ற அளவில் அன்று. ஒரே எடுத்துக்காட்டை எந்த ஏதுவுக்காகக் கொண்டுவருகிறோம் என்று பிரிக்காமல் இரு தரப்பும் மோதிக்கொண்டன.

அடுத்தது ஒப்பீட்டின் மறுமுனை. ‘பி.டி. கத்தரி அல்லது பூச்சிமருந்தில் தோய்ந்த கத்தரி’ என்று இரண்டே வழி இருப்பதுபோல் வாதம் வைக்கப்பட்டது. வயல் சோதனைகளும் பி.டி. செடியை அதே பின்னணியுள்ள பி.டி. அல்லாத செடியோடும் வழக்கமான ரகங்களோடும் வைத்துப் பார்க்க அமைந்தவை. வாடிய குருத்தை வாரந்தோறும் கிள்ளி அழிப்பது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது, பயிர் சுழற்சி ஆகியவற்றைச் சேர்த்துச் செய்யும் வயல் எவ்வளவு சேதத்தைத் தவிர்க்கும் என்ற மூன்றாம் பத்தி அந்த அட்டவணையில் இல்லை. ஆந்திரத்தில் சுமார் 6 லட்சம் உழவர் 20 லட்சம் ஏக்கரில் பூச்சிமருந்தில்லா மேலாண்மை செய்கிறார்கள் என்ற தகவல் பின்னர் அமைச்சரின் குறிப்பில் இடம்பெற்றது. அந்த எண் எல்லாப் பயிர்களுக்கும் சேர்த்தது. கத்தரிக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் ‘வேறு வழியே இல்லை’ என்ற முன்கூற்றை உடைக்க அது போதுமானதாக இருந்தது. ஒரே வழி என்ற வாதத்தை எதிர்ப்பவர் தன் வழி சிறந்தது என்று நிறுவ வேண்டியதில்லை. இன்னொரு வழி உண்டு என்று காட்டினால் போதும். இந்த ஏற்றத்தாழ்வை ஆதரவாளர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

சேத எண்களும் இப்படித்தான். துளைப்பானால் விளைச்சலில் பாதிக்கு மேல் போகிறது என்று பலரும் சொன்னார்கள். கட்டுப்பாடு ஏதும் செய்யாத வயலில் உச்சமாக வரக்கூடிய சேதம் அது. மருந்தடிக்கும் சராசரி வயலின் சேதமன்று. ‘வரை’ என்ற சொல் ஆய்வறிக்கையில் இருக்கும், மேடையில் உதிர்ந்துவிடும். எதிர்த்தரப்பிலும் இதே நோய்: கத்தரியில் அயல்மகரந்தச் சேர்க்கை இடத்தையும் ரகத்தையும் பொறுத்து வெகுவாக மாறும். அந்த வீச்சின் மேல் எல்லையை மட்டும் எடுத்து, நாட்டு ரகங்கள் எல்லாம் கலந்து அழியும் என்றார்கள்.

பாதுகாப்பு பற்றிய வாதமே நிரூபிக்கும் பொறுப்பின் மையம். ஆதரவாளர் நிலை: எலிக்கு 90 நாள் ஊட்டிப் பார்த்தது முதல் ஒவ்வாமை வரை, விதிகள் கேட்ட சோதனைகள் முடிந்தன; தீங்கு எதுவும் தென்படவில்லை. எதிர்ப்பாளர் நிலை: 90 நாள் ஆயுள் முழுவதுமாகாது, நாட்பட்ட நச்சுத்தன்மை பார்க்கப்படவில்லை, தரவு முழுவதும் விற்பவரே கொடுத்தது. ஒருவர் ‘தீங்கு என்பதற்குச் சான்றில்லை’ என்கிறார். மற்றவர் ‘தீங்கின்மைக்குச் சான்றில்லை’ என்கிறார். தனியே பார்த்தால் இரண்டும் இல்லாமையிலிருந்து பெறும் வாதங்கள். எது செல்லும் என்பதை, சான்று இல்லாத இடத்தில் யார் தோற்றவர் என்ற விதிதான் தீர்மானிக்கும். ஒப்புதல் குழுவின் அறையில் அந்த விதி தெளிவு: பட்டியலிட்ட சோதனைகளில் தேறிவிட்டால் பொறுப்பு ஆட்சேபிப்பவர் பக்கம் போய்விடும். அரங்கில் அந்த விதியை யாரும் அறிவிக்கவில்லை. அது தானாகவே நிறுவனத்தின் பக்கம் திரும்பிவிட்டது. அறிவியலாளர் பலர் முதல் விதி இன்னும் நடப்பில் இருப்பதாகவே எண்ணிப் பேசினார்கள். ‘எல்லாச் சோதனையும் முடிந்துவிட்டது’ என்று அவர்கள் சொன்னதை அரங்கு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

‘நிறுவனத்தின் தரவு’ என்ற ஆட்சேபத்தை ஆளைத் தாக்கும் வாதம் என்று அறிவியலாளர் சிலர் ஒதுக்கினர். அது முழுச் சரியன்று. மூலத் தரவை நாமே பார்த்துச் சரிபார்க்க முடியுமானால் சொன்னவரின் நலன் பொருட்டாகாது. பார்க்க முடியாமல் ஒருவர் சொல்லை நம்பியே ஆகவேண்டும் என்றால் அவருடைய நலனைக் கேட்பது நியாயமான கேள்வி. 2008 வரை தரவு பூட்டிக் கிடந்ததுதான் இந்த ஆட்சேபத்துக்கு வலு சேர்த்தது. உருவாக்கியவரே சோதனைச் செலவை ஏற்பது உலகெங்கும் உள்ள வழக்கம் என்ற விளக்கம் உண்மைதான். அது தாமதமாகவே வந்தது. மறுபக்கம், எதிர்ப்பவர்கள் பூச்சிமருந்து நிறுவனங்களின் ஆட்கள் என்ற குற்றச்சாட்டு எந்தத் தரவோடும் இணையாதது. அது வெறும் தாக்குதல்.

விதை உரிமை பற்றிய வாதத்தில் ஆதரவாளருக்குக் கையில் நல்ல விடை இருந்தது: பல்கலைக்கழக ரகங்கள். அது போதிய அழுத்தத்தோடு முன்வைக்கப்படவில்லை. ‘பாதுகாப்பானதா’ என்ற கேள்விக்கு ஆயத்தமாக வந்தவர்களிடம் ‘விதை யாருடையது’ என்று கேட்டபோது அவர்கள் மறுபடியும் பாதுகாப்பையே விளக்கினார்கள்.

முடிவும் அதற்குத் தரப்பட்ட காரணங்களும்

பிப்ரவரி 9 அன்று அமைச்சர் விரிவான குறிப்பை வெளியிட்டார். பெறப்பட்ட கடிதங்களும் கருத்துகளும் இணைப்புகளாக நூற்றுக்கணக்கான பக்கங்களில் சேர்க்கப்பட்டன. இந்திய நிர்வாகத்தில் இது அரிது. ஒரு கொள்கை முடிவின் காரணங்களை வரிவரியாகச் சோதிக்க முடிவதே அந்த வெளிப்படைத் தன்மையால்தான்.

முடிவு காலவரையற்ற நிறுத்திவைப்பு. குறிப்பு அடுக்கிய காரணங்கள் ஆறு: அறிவியலாளரிடையே தெளிவான ஒருமித்த கருத்து இல்லை; மாநில அரசுகளிடம் எதிர்ப்பு மிகுதி; பாதுகாப்பும் சோதனை முறையும் பற்றிப் பொறுப்பான அமைப்புகளும் அறிவியலாளரும் எழுப்பிய கேள்விகளுக்கு நிறைவான விடை வரவில்லை; மக்கள் மனநிலை எதிராக உள்ளது; உலகில் முதன்முதலாக வெளியாகும் மரபணு மாற்றக் காய்கறி இதுவே; அவசரம் எதுவும் இல்லை. ஆகவே முன்னெச்சரிக்கைக் கொள்கை. பொதுமக்களும் துறையறிஞரும் நிறைவடையும் அளவுக்குச் சுயேச்சையான ஆய்வுகள் நீண்டகாலப் பாதுகாப்பை நிறுவும்வரை இது நீடிக்கும் என்றார். நிறுத்திவைப்பை நிபந்தனையுடன் கூடிய ஏற்பாகக் கொள்ளக் கூடாது என்றும் தெளிவுபடுத்தினார்.

இந்த ஆறையும் ஒவ்வொன்றாக எடைபோட வேண்டும்.

மாநில எதிர்ப்பு வலுவான காரணம். அரசமைப்பில் வேளாண்மை மாநிலப் பட்டியலில் வருகிறது. கேரளம், ஆந்திரம், கர்நாடகம், மேற்கு வங்கம், ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்கள் தயக்கமோ மறுப்போ தெரிவித்து எழுதியிருந்தன. அவசரமின்மையும் வலுவானதே; கத்தரிக்குப் பஞ்சம் இல்லை என்பதை மறுத்தவர் எவருமில்லை. தாமதத்தால் இழப்பு சிறிது, தவறினால் மீட்சி கடினம் என்ற இடத்தில் முன்னெச்சரிக்கை வாதம் நன்றாக நிற்கும். ஆனால் தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு: அந்த ஆண்டுகளில் வயலில் அடிக்கப்படும் மருந்து. குறிப்பு அதை ஏற்றுப் பேசியது, எடைபோடவில்லை.

உலகின் முதல் மரபணு மாற்றக் காய்கறி என்ற கூற்றை அப்படியே ஏற்க முடியாது. அமெரிக்காவில் 1994-இல் தக்காளியும், 1990-களின் நடுவில் வைரஸ் எதிர்ப்புள்ள பூசணி வகையும் சந்தைக்கு வந்துவிட்டன. முதல் பி.டி. கத்தரி என்று சொல்லியிருந்தால் சரி. மக்கள் மனநிலை என்ற காரணத்திலும் சிக்கல் உண்டு. அரங்குக்குத் தாமாக வந்தவர்களை வைத்து நாட்டின் மனநிலையை அளக்க முடியாது. அரங்கு வாதங்களைத் திரட்டத் தக்க இடம். வாக்கெடுப்புக்கு உரிய இடமன்று. எழுந்த கேள்விகள் எவை என்பதற்குக் கலந்தாய்வு நல்ல சான்று. எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்பதற்கு மோசமான சான்று.

மிகப் பெரிய பிசகு வெளியேறும் நிபந்தனையில் இருந்தது. பொதுமக்களும் துறையறிஞரும் நிறைவடைய வேண்டும் என்றால், அந்த நிறைவை அளப்பது யார்? எந்தச் சோதனை, எத்தனை நாள், எந்த ஆய்வகம், யார் செலவில், எந்தத் தேதிக்குள்? இவற்றில் ஒன்றும் எழுதப்படவில்லை. அதோடு, ஆறு காரணங்களில் ஓர் ஆய்வால் மாறக்கூடியவை முதலும் மூன்றும் மட்டுமே. மாநில எதிர்ப்பும் மக்கள் மனநிலையும் அவசரமின்மையும் எந்த எலிச் சோதனையாலும் மாறுபவை அல்ல. நிறுத்திவைப்பை நீக்க ஆய்வைக் கேட்டது முடிவு. அதைத் தாங்கி நின்ற காரணங்களில் பாதிக்குமேல் ஆய்வுக்கு அப்பாற்பட்டவை. எவ்வளவு நல்ல ஆய்வு வந்திருந்தாலும் தடை அப்படியே நின்றிருக்கும்.

பின்னர் நடந்தவை

ஒப்புதல் குழுவின் பெயரில் இருந்த ‘ஒப்புதல்’ 2010-இலேயே ‘மதிப்பீடு’ ஆயிற்று. யார் முடிவு செய்வது என்ற ஐந்தாம் கேள்விக்கு நிர்வாகம் தந்த விடை அது.

2010 செப்டம்பரில் நாட்டின் ஆறு அறிவியல் கழகங்கள் கூட்டாக அறிக்கை தந்து, வரம்புக்குட்பட்ட வெளியீட்டைப் பரிந்துரைத்தன. முன்பே அச்சான ஒரு கட்டுரையின் பத்திகள் மூலம் காட்டாமல் அதில் எடுத்தாளப்பட்டிருந்தது வெளியானது. அறிக்கையில் மேற்கோள் பட்டியலும் இல்லை. டிசம்பரில் திருத்திய பதிப்பு வந்தது, பரிந்துரை மாறவில்லை. நம்பகத்தன்மை அதற்குள் போய்விட்டது. அதிகாரத்தைச் சான்றாக வைக்கும் வாதம், அந்த அதிகாரம் தானே ஆராய்ந்தது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. படியெடுத்த பத்தியில் இருந்த தகவல் சரியாகவே இருந்திருக்கலாம். ‘நாங்கள் சுயேச்சையாகப் பார்த்தோம்’ என்ற கூற்று உடைந்தது. நிறுத்திவைப்பின் நிபந்தனை கேட்டதோ அந்தச் சுயேச்சையைத்தான்.

2011 முதல் வயல் சோதனைக்கே மாநில அரசின் தடையின்மைச் சான்று தேவை என்றானது. அதே ஆண்டில், பி.டி. கத்தரியை உருவாக்க நாட்டு ரகங்களை உரிய அனுமதியின்றிப் பயன்படுத்தியதாகச் சொல்லித் தேசியப் பல்லுயிர் ஆணையம் சட்ட நடவடிக்கை அறிவித்தது. கலந்தாய்வில் சிதறலாக ஒலித்த விதை உரிமை வாதம் இப்படித் தனிப்பாதை பிடித்தது. 2012-இல் வேளாண்மைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு மரபணு மாற்றப் பயிர்களின் வயல் சோதனைகளுக்கு எதிராக அறிக்கை தந்தது. உயிரித் தொழில்நுட்பத்துக்குத் தனி ஒழுங்காற்று ஆணையம் அமைப்பதற்கான மசோதா 2013-இல் அறிமுகமாகி, மக்களவை கலைந்ததும் காலாவதியானது.

வங்கதேசம் 2013 அக்டோபர் 30 அன்று அதே மரபணு ஏறிய கத்தரிக்கு இசைவளித்தது. 2014 ஜனவரியில் 20 உழவர்களுக்கு நாற்று கொடுத்தது. பின்னர் அங்கே நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளில் பூச்சிமருந்துச் செலவு கணிசமாகக் குறைந்தது தெரிந்தது. இந்திய விவாதத்தில் இது புதிய திட்டாந்தமாக நுழைந்தது. மருந்தடிப்புப் பற்றிய ஏதுவுக்கு இது பருத்தியைவிட நல்ல எடுத்துக்காட்டு. நாட்பட்ட நச்சுத்தன்மை பற்றிய ஆட்சேபத்துக்கு இது விடையன்று. பருத்தியை வைத்து நடந்த குழப்பம் கொஞ்சமும் மாறாமல் வங்கதேசத்தை வைத்து மறுபடி நடந்தது.

2019-இல் ஹரியானாவின் ஃபதேஹாபாத் பகுதியில் அனுமதியற்ற பி.டி. கத்தரி வயலில் பிடிபட்டது. 2020-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனம் ஒன்று உருவாக்கிய, வேறொரு மரபணு கொண்ட இரண்டு கத்தரி வகைகளை எட்டு மாநிலங்களில் சோதிக்க மதிப்பீட்டுக் குழு இசைந்தது. தமிழ்நாடும் அப்பட்டியலில் இருந்தது. மாநிலச் சான்று வேண்டும் என்ற நிபந்தனை அப்போதும் உண்டு. 2010-இன் நிறுத்திவைப்பை முறைப்படி மறுபரிசீலனை செய்யும் நடைமுறை எதுவும் இடையில் உருவாகவில்லை.

எதை மாற்ற வேண்டும்

கேள்வியைப் பிரித்து அறிவிக்க வேண்டும். ஐந்து கேள்விக்கு ஐந்து அமர்வு. ஒவ்வொன்றுக்கும் தனி அவைத்தலைவர். பாதுகாப்பு அமர்வில் நச்சியல் தெரிந்தவர் எதிரெதிர் இருவராவது இருக்க வேண்டும். தேவை பற்றிய அமர்வில் கத்தரி பயிரிடுபவர் முன்வரிசையில் இருக்க வேண்டும். ஒருவர் எந்த அமர்வில் பேசினாலும் அட்டை எந்தக் கேள்விக்கு உரியதோ அதில் சேரட்டும்.

நிரூபிக்கும் பொறுப்பைக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் வைக்க வேண்டும். ‘இந்தச் சோதனைகளை விண்ணப்பதாரர் முடித்துக் காட்ட வேண்டும், காட்டியபின், கூடுதல் சோதனை கேட்பவர் அது எந்தத் தீங்கைக் கண்டுபிடிக்கும் என்று சொல்ல வேண்டும்’ என்பது போன்ற ஒரு பத்தி போதும். இந்த விதியை மாற்றக் கோருவதும் நியாயமான வாதமே. அதை ஐந்தாம் கேள்வியின் அமர்வில் நேராகக் கேட்கலாம்.

ஒப்பீட்டு அட்டவணையில் மூன்று பத்திகள் கட்டாயம்: புதிய வழி, நடப்பு வழக்கம், கிடைக்கக்கூடிய சிறந்த மாற்று. மூன்றாவதற்குத் தரவு இல்லை என்றால் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதி வெளியிட வேண்டும். சோதனை வடிவமைக்கும் நாளிலேயே இதைச் சேர்ப்பது மலிவு. விவாதம் சூடேறியபின் சேர்க்க இரண்டு மூன்று பருவங்கள் போய்விடும்.

ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் எண் கொடுத்து, எதிரே பதிலையும் பதிலளித்தவரையும் குறிக்கும் பதிவேடு வேண்டும். 2010-இன் இணைப்புகள் கருத்துகளைத் திரட்டிக் கொடுத்தன. எந்தக் கருத்துக்கு எந்தப் பதில் என்ற இணைப்பு அவற்றில் இல்லை. பதிலில்லாத வரிகளும் பதிவேட்டில் காலியாகவே தெரிய வேண்டும். அடுத்த ஆராய்ச்சிக்குப் பணம் எங்கே போக வேண்டும் என்பதை அந்தக் காலி வரிகள் காட்டிவிடும்.

மக்கள் மனநிலையை ஒரு காரணமாகச் சொல்வதானால் அதை அளக்க வேண்டும். குலுக்கலில் தேர்ந்த சில நூறு பேரிடம் ஒரே வினாப்பட்டியல் போதும்; அரங்கின் ஆரவாரம் அதற்கு ஈடாகாது.

கடைசியாக, நிறுத்திவைக்கும் ஆணைக்குள்ளேயே நான்கு வரிகள் இருக்க வேண்டும்: எந்த ஆய்வுகள், யார் நடத்துவது, யார் செலவு, மறுபரிசீலனைத் தேதி என்ன. தரப்பட்ட காரணங்களில் எவை ஆய்வால் மாறக்கூடியவை, எவை அரசியல் தீர்மானத்தால் மட்டும் மாறக்கூடியவை என்று இரண்டு பட்டியலாகப் பிரித்து எழுத வேண்டும். இரண்டாம் பட்டியல் நீளமாக இருந்தால், ஆய்வு கேட்பதை விட்டு, ‘கொள்கை அடிப்படையில் மறுக்கிறோம்’ என்று எழுதுவது விண்ணப்பதாரருக்கும் எதிர்ப்பவருக்கும் நேர்மையானது. அப்படி எழுதினால் அதை நீதிமன்றத்திலோ சட்டமன்றத்திலோ எதிர்த்து வாதிட ஒரு பிடி கிடைக்கும். காலவரையற்ற காத்திருப்பில் அந்தப் பிடி யாருக்கும் கிடைப்பதில்லை.